கிளினிக்கல் ஆடிட்: பொருளும் வரலாறும் தமிழும்

ஒரு மருத்துவரோ மருத்துவ நிலையமோ தன் நோயாளிகளுக்கு உண்மையில் என்ன செய்துவருகிறது என்பதை, என்ன செய்ய வேண்டும் என்று முன்பே எழுதிவைத்த அளவுகோலோடு ஒப்பிட்டு, குறை எங்கே என்று கண்டு, அதைச் சரிசெய்து, சரியாயிற்றா என்று மறுபடியும் அளந்து பார்க்கும் முறைக்குக் 'கிளினிக்கல் ஆடிட்' என்று பெயர். மறுபடியும் அளப்பது இதில் இன்றியமையாதது. குறையைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதி அடுக்கிவைப்பதோடு நின்றுவிட்டால், அது புள்ளிவிவரம் திரட்டியதாகுமே அன்றி ஆடிட் ஆகாது. பெரிய மருத்துவமனைகளின் தரச்சான்றிதழ் வேலையாகவே இங்கே பலரும் இதை எண்ணுகிறார்கள். ஆனால் காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று நாள்தோறும் வருவோரைப் பார்க்கும் பொது மருத்துவருக்குத்தான் இது மிகுதியாகப் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கணக்கில் அதே நோயாளிகளைப் பார்ப்பவர் அவர்தான். ஒரு சிறு குறை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் தொடரக்கூடிய இடமும் அவருடைய அறைதான்.

ஆடிட் என்ற சொல்லின் வேர் 'கேட்டல்' என்னும் பொருளுடைய 'அவுதீரே' என்ற இலத்தீன் வினை. ஆடியோ, ஆடிட்டோரியம் ஆகியவையும் இதே வேரில் பிறந்தவை. இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைக் கணக்குகளையும் அரசுக் கணக்குகளையும் பொறுப்பாளர் உரக்க வாசிக்க, அமர்ந்து கேட்டுச் சரிபார்த்தவரே ஆடிட்டர். எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில் கணக்கைக் காதால்தான் சோதிக்க முடிந்தது. 'கிளினிக்' என்பதோ படுக்கையைக் குறிக்கும் 'கிளீனே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நோயாளியின் படுக்கையருகே சென்று பார்க்கும் மருத்துவரை முதலில் குறித்து, பின்னர் நோயாளியை நேரடியாகப் பார்த்துச் செய்யும் மருத்துவம் முழுவதற்கும் அடைமொழியாயிற்று. தமிழ்நாட்டுப் பேச்சில் கிளினிக் என்றால் மேசையும் நாற்காலியும் கொண்ட சிறு மருத்துவ அறை என்றே பொருள் என்பதால், படுக்கையின் நினைவு அச்சொல்லில் இப்போது இல்லை.

பெயர் வருவதற்கு முன்பே முறை வந்துவிட்டது. கிரிமியப் போரின்போது துருக்கியின் ஸ்குடாரியில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் புளோரன்ஸ் நைட்டிங்கேல், வீரர்கள் காயத்தைவிட அழுக்காலும் தொற்றாலும் மிகுதியாக இறந்தார்கள் என்பதை எண்களைக் கொண்டு காட்டினார். அவரைவிட இன்றைய பொருளுக்கு நெருக்கமாக நிற்பவர் பாஸ்டனில் வாழ்ந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்து, என்ன நோய் என்று கருதினோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் வந்தது, ஓராண்டு கழித்து அவர் எப்படியிருக்கிறார் என்பவற்றை எழுதியாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இதற்கு இறுதி விளைவுக் கொள்கை என்று பெயர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அதற்கு இடம் கிடைக்காததால் 1914இல் அங்கிருந்து விலகினார். தம்முடைய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை மருத்துவம் பெற்று வெளியேறிய 337 பேரின் விளைவுகளை, தாம் செய்த 123 பிழைகளோடு சேர்த்து அச்சிட்டு வெளியிட்டார். தம் பிழைகளைத் தாமே எண்ணி ஊரறியச் சொன்ன அந்தத் துணிவுக்கு அவர் காலத்தில் மதிப்புக் கிடைக்கவில்லை. சக மருத்துவர்களின் பகையே கிடைத்தது.

பொது மருத்துவத்தில் இச்சொல் என்ன பொருள் தர முடியும் என்பதைக் காட்டியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். தென் வேல்ஸில் அஃபான் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் கிளின்காரக் என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர் உண்டு. அங்கே 1960களின் தொடக்கத்தில் மருத்துவராகச் சேர்ந்த அவர், உடம்பு சரியில்லை என்று வந்தவர்களை மட்டும் பார்ப்பதோடு நிற்காமல், தம் பதிவேட்டில் இருந்த வயது வந்தோர் அனைவருக்கும் இரத்த அழுத்தத்தை அளக்கத் தொடங்கினார். உயர் அழுத்தம் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரிவதில்லை, தெரிந்தவர்களில் பாதிப்பேர் மருந்து எடுப்பதில்லை, எடுப்பவர்களிலும் பாதிப்பேருக்கே அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்ற 'பாதிகளின் விதி' மருத்துவ உலகில் பேசப்பட்ட காலம் அது. அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் கண்ணுக்கு முதல் பாதி ஒருபோதும் தெரியாது. வராதவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அவர் அந்தப் பட்டியலை எடுத்தார். 25 ஆண்டுத் தேடலையும் ஆடிட்டையும் தொகுத்து 1991இல் வெளியிட்டபோது, உயர் அழுத்தம் கண்டறியப்பட்ட நோயாளிகளின் சராசரி அழுத்தம் 186/110இலிருந்து 146/84ஆகக் குறைந்திருந்தது. இப்படித் தேடிக் கண்டறியும் ஏற்பாடு இல்லாத பக்கத்து ஊரைவிட அவ்வூரில் இளவயது இறப்பும் குறைவாக இருந்தது. அதற்கெனப் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மற்ற மருத்துவர்களிடம் இருந்த அதே கருவியும் மாத்திரைகளும்தான் அவரிடமும் இருந்தன.

பிரிட்டிஷ் அரசு தன் தேசிய நலவாழ்வுச் சேவைக்காக 1989இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மருத்துவர்கள் அனைவரும் 'மெடிக்கல் ஆடிட்' செய்ய வேண்டும் என்றது. நோயாளிக்குக் கிடைப்பது மருத்துவரின் வேலை மட்டுமல்ல, செவிலியர், மருந்தாளுநர், உடலியக்கப் பயிற்சியாளர் அனைவரின் வேலையும் சேர்ந்தது என்ற தெளிவு பிறகு வந்ததால், சில ஆண்டுகளிலேயே 'மெடிக்கல்' போய்க் 'கிளினிக்கல்' வந்தது. தமிழாக்கத்தில் இவ்வேறுபாட்டைக் காப்பாற்றுவது நல்லது.

நம் ஊர்ப் பொது மருத்துவர் ஒருவர் இதை எப்படிச் செய்வார் என்பதற்குச் சர்க்கரை நோயாளிகளின் பாதச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் காலணியைக் கழற்றச் சொல்லி, புண், வெடிப்பு, தோல் தடிப்பு ஆகியவற்றைப் பார்த்து, 10 கிராம் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதித்து, பாதத்தின் நாடித்துடிப்பைத் தொட்டறிய வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. இது அளவுகோல். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்காவது இது நடந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் தமக்குத் தாமே வைத்துக்கொள்வது இலக்கு. பிறகு 60 நோயாளிகளின் குறிப்பேடுகளை எடுத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடந்த ஓராண்டில் பாதத்தைப் பார்த்ததற்கான குறிப்பு 21 பேருக்கே இருக்கிறது. அவருக்கு அந்நெறி தெரியாமல் இருந்திருக்காது. வெளியே கூட்டம் காத்திருக்கிறது, வயதானவர் குனிந்து செருப்பைக் கழற்ற நேரமாகிறது, குறிப்பேட்டில் பாதம் என்று ஓர் இடமே இல்லை. காரணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எனவே திருத்தமும் அங்கேதான் நடக்க வேண்டும். எடை பார்க்கும்போது எப்படியும் செருப்பைக் கழற்றுகிறார்கள். அந்த இடத்திலேயே செவிலியர் பாதத்தைப் பார்த்துக் குறித்துவிட, சந்தேகம் உள்ளவர்களை மட்டும் மருத்துவர் முழுமையாகச் சோதிக்கலாம். ஆறு மாதம் கழித்து மீண்டும் 60 ஏடுகளை எடுத்து எண்ணும்போது, அந்த மாற்றம் வேலை செய்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இதில் ஒரு நடைமுறைத் தடை உண்டு. தமிழ்நாட்டின் தனியார் கிளினிக்குகள் பலவற்றில் மருந்துச் சீட்டும் குறிப்பேடும் நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. நிலையத்தில் எதுவும் தங்குவதில்லை. எண்ணிப் பார்க்க ஏடு இல்லாத இடத்தில் ஆடிட்டும் இல்லை. ஆகவே முதல் வேலை, சர்க்கரை நோயாளிகளின் பெயர், முதலில் கண்டறிந்த ஆண்டு, கடைசியாக வந்த நாள் ஆகிய மூன்றையாவது எழுதும் ஒரு பதிவேட்டைத் தொடங்குவதே. ஒரு சாதாரண நீள நோட்டு இதற்குப் போதும்.

ஆராய்ச்சியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எது சரியான மருத்துவம் என்று தேடுவது ஆராய்ச்சி. சரியென்று முன்பே தெரிந்ததைச் செய்கிறோமா என்று பார்ப்பது ஆடிட். மேலதிகாரி வந்து சோதிக்கும் ஆய்வும் இதுவன்று, ஏனெனில் இதில் அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவரே. தமிழ்நாட்டில் 1990களில் தொடங்கிய பேறுகாலத் தாய்மார் இறப்பு ஆய்வு இதற்கு நெருங்கிய உறவு. நடந்துவிட்ட ஒவ்வோர் இறப்பையும் தனித்தனியே எடுத்து, குடும்பத்தாரின் வீட்டுக்கே சென்று என்ன நடந்தது என்று கேட்டறிந்து, எந்தக் கட்டத்தில் தாமதம் நேர்ந்தது என்று கண்டு திருத்துவது அதன் வழி. மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு உறவினரையும் அழைத்துக் கேட்டது அம்முறையின் சிறப்பு. தண்டிப்பதற்காகக் கேட்கவில்லை என்ற உறுதி இருந்தால்தான் உண்மை வெளியே வரும் என்பது இரண்டுக்கும் பொது.

இனித் தமிழ்ச்சொல். அலுவலக வழக்கில் ஆடிட்டுக்குத் 'தணிக்கை' என்கிறோம். குறளில் வரும் 'அதுதணிக்கும் வாய்நாடி' என்ற தொடர் நினைவுக்கு வந்து, நோயைத் தணிப்பதோடு இதற்கு உறவு உண்டோ என்று சிலர் நினைக்கக்கூடும், உறவு இல்லை. இது ஆராய்ந்து பார்த்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து ஆட்சிமொழி வழியாக வந்தது. தெலுங்கின் தனிகீ, கன்னடத்தின் தனிகெ ஆகியவை இதன் உடன்பிறப்புகள். பிறமொழி மூலம் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. நூறாண்டுக்கு மேலாகத் தமிழில் வாழும் சொல் தமிழ்ச்சொல்லே. சிக்கல் அதன் இன்றைய மணத்தில் இருக்கிறது. தணிக்கை என்றதும் கணக்கில் குறைபிடிக்க வெளியிலிருந்து வரும் அதிகாரியும், திரைப்படக் காட்சிகளை வெட்டும் குழுவுமே மனத்தில் தோன்றுகின்றனர். தன் வேலையைத் தானே அளக்க வேண்டிய செவிலியரிடம் இச்சொல்லைச் சொன்னால் அவர் முதலில் ஏட்டை மறைக்கத்தான் பார்ப்பார்.

இலங்கைத் தமிழில் ஆடிட் என்பது 'கணக்காய்வு'. அழகான, தெளிவான சொல். கணக்குக் காட்டுதல் நமக்குப் பழைய அறமும்கூட; ஊர்ச்சபையின் குழுவான வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு விதிக்கிறது. ஆயினும் கணக்கு என்ற பகுதி பணத்தையே முன்னிறுத்துவதால், மருத்துவமனையின் வரவுசெலவு ஆய்வு என்று படிப்பவர் மயங்க இடமுண்டு. 'மதிப்பீடு' பொதுப்படையானது, 'மீளாய்வு' மறுபடி பார்ப்பதை மட்டும் சொல்லித் திருத்தத்தை விட்டுவிடுகிறது.

என் தேர்வு 'சிகிச்சைச் சீராய்வு'. நீதிமன்றச் செய்திகளில் 'சீராய்வு மனு' என்று நாளிதழ் வாசகர்கள் நன்கறிந்த சொல் இது. தீர்ப்பளித்த நீதிமன்றமே தன் தீர்ப்பை மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி கேட்கும் மனுவையும் அப்பெயரால் அழைப்பதுண்டு என்பதால், தன்னைத் தானே மறுபடி பார்த்தல் என்ற குறிப்பு அதில் முன்பே இருக்கிறது. சீர் என்பது ஒழுங்கையும், சீர்செய்தல் என்ற வழியில் திருத்தத்தையும் சேர்த்தே தருகிறது. 'சிகிச்சை' வடமொழி ஆயினும் நோயாளிகள் எல்லாரும் நாள்தோறும் சொல்வது. மருத்துவர் வேலை, செவிலியர் வேலை என்று பிரிக்காமல் நோயாளிக்குக் கிடைப்பது முழுவதையும் அது தழுவுவதால், 'மெடிக்கல்' போய்க் 'கிளினிக்கல்' வந்த காரணமும் காப்பாற்றப்படுகிறது. இதையொட்டி, கிரைட்டீரியன் என்பதற்கு 'அளவுகோல்', ஸ்டாண்டர்டு என்பதற்கு 'இலக்கு', ரீஆடிட் என்பதற்கு 'மறுசீராய்வு' என்று ஒரே சீராக வழங்கலாம். "சர்க்கரை நோயாளிகளின் பாதச் சோதனை குறித்து மார்ச் மாதம் சிகிச்சைச் சீராய்வு செய்தோம், மறுசீராய்வு செப்டம்பரில்" என்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதினால், அங்கே வரும் நோயாளிக்கும் அது புரியும்.