சூழல் மானுடப்புலம்: சொல் விளக்கம்

'என்விரான்மென்டல் ஹியூமானிட்டீஸ்' என்ற தொடரைத் தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டால் பெரும்பாலும் 'சுற்றுச்சூழல் மனிதநேயம்' என்று வந்து விழும். மரம் நடுவிழா அழைப்பிதழில் அச்சடிக்க அது நன்றாகத்தான் இருக்கும். ஒரு படிப்புத் துறைக்கு அந்தப் பெயர் ஒட்டாது. 'சூழலியல் மானிடவியல்' என்று எழுதுவோரும் உண்டு. அதில் சிக்கல் இன்னும் கூடுதல். மானிடவியல் என்பது ஆந்த்ரபாலஜிக்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர். அதற்குள்ளேயே 'எக்கலாஜிக்கல் ஆந்த்ரபாலஜி' என்று ஒரு கிளை தனியாக இருக்கிறது. இரண்டு துறைகளுக்கு ஒரே பெயர் வைத்தால் நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர்தான் திண்டாடுவார்.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயம், கலை, மொழி ஆகிய படிப்புகள் ஆறு, மண், கடல், காலநிலை பற்றிய கேள்விகளுக்குள் தங்கள் கருவிகளோடு இறங்கி, அறிவியலாரோடு சேர்ந்து விடை தேடும் துறை இது. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, திறந்துவிட்டால் கடைமடைக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும் என்பவை பொறியியல் கணக்குகள். முறைத் தண்ணீர் விடும்போது எந்த ஊர் முந்துகிறது, அந்த வரிசை எப்போது யாரால் ஏற்பட்டது, ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில் ஆடிப்பெருக்குக்குக் குழாயடியில் முளைப்பாரி கரைக்கிறவர்களுக்குக் காவிரி என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்பவையும் அதே தண்ணீரைப் பற்றிய கேள்விகள்தாம். இரண்டு வகைக் கேள்விகளையும் ஒரே மேசையில் வைக்கிறது இத்துறை.

பெயர் வந்த வழி. 'ஹியூமானிட்டீஸ்' என்பதன் வேர் லத்தீன் மொழியின் 'ஹுமானிடாஸ்'. கவிஞர் ஒருவருக்காக வாதாடிய உரையில், கி.மு. 62இல், ரோமானியப் பேச்சாளர் சிசரோ மானுடக் கல்வி என்ற பொருளில் இதை எடுத்தாண்டார். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அது ஒரு பாடத்திட்டமாகவே ஆயிற்று: இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, அறவியல். 'என்விரான்மென்ட்' என்பது பிரெஞ்சு மொழியில் 'சுற்றி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து கிளைத்தது. இன்றைய பொருளில் அதை ஆங்கிலத்தில் புழங்கவிட்டவர் எழுத்தாளர் தாமஸ் கார்லைல். 1820களின் கடைசியில், ஜெர்மன் கவிஞர் கெதேயைப் பற்றி எழுதும்போது ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக அவர் அதைக் கையாண்டார்.

இரண்டும் ஒன்றுசேர நெடுங்காலம் ஆனது. அறிவியலாரும் இலக்கியவாதிகளும் ஒருவரோடொருவர் பேச முடியாத இரு பண்பாடுகளாகப் பிரிந்துவிட்டார்கள் என்று 1959இல் கேம்பிரிட்ஜில், அறிவியலாரும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்னோ பேசியதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பிளவை ஒட்டவைக்கும் முயற்சி 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் ஒரு வடிவம் பெற்றது. வரலாற்றாளர் லிபி ராபின், மானிடவியலர் டெபோரா பேர்டு ரோஸ் முதலியோர் அதற்கு முதலில் வைத்த பெயர் 'எக்கலாஜிக்கல் ஹியூமானிட்டீஸ்'. இன்றைய பெயரிலேயே ஆய்விதழ் ஒன்று 2012இல் தொடங்கியது. வெளிநாட்டுக் கதை இவ்வளவு போதும்.

தமிழில் முதல் பாதியைப் பற்றிச் சண்டை இல்லை. 'சுற்றுச்சூழல்' வழக்கில் ஊறிவிட்டது. ஆனாலும் சுற்று என்றாலும் சூழல் என்றாலும் ஒன்றுதான். 'நடு சென்டர்' மாதிரி. தொடர்ச்சொல்லாக்கத்துக்குச் 'சூழல்' மட்டும் போதும். சூழ் என்ற வினைக்கு வளைத்தல் ஒரு பொருள், எண்ணி ஆராய்தல் இன்னொரு பொருள். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்ற குறளில் சூழ்ச்சி என்பது ஆராய்ச்சிதான். பாவம், அந்தச் சொல் இன்று தொலைக்காட்சித் தொடர் மாமியார்களிடம் மாட்டிக்கொண்டது. சுற்றி இருப்பதையும் அதைப் பற்றி எண்ணுவதையும் ஒரே வேரில் வைத்திருக்கும் சொல் நம்மிடம் இருக்க, சுற்றி இருப்பதை மட்டும் சொல்லும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

இரண்டாம் பாதிக்குத்தான் வேலை அதிகம். 'இயல்' என்று முடித்தால் ஒற்றைத் துறை போலத் தோன்றும். இது பல துறைகள் கூடும் களம். 'சூழல் கலை' என்றால் ஆற்று மணலில் சிற்பம் செய்வது, குப்பையில் ஓவியம் ஆக்குவது என்று வேறொன்றைக் குறிக்கும். நமக்கு ஏற்ற சொல் 'புலம்'. தஞ்சையில் 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் தன் பிரிவுகளுக்கு இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது: கலைப்புலம், சுவடிப்புலம், வளர்தமிழ்ப்புலம், மொழிப்புலம், அறிவியற்புலம். புலமையும் புலவரும் இங்கிருந்து வந்தவர்களே. கண், காது முதலிய புலன்களும் புலனாய்வும் இதே குடும்பம்.

ஆனால் டெல்டாக்காரருக்கு இந்தச் சொல் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தெரிய வேண்டியதில்லை. பட்டாவை விரித்தால் முதல் கட்டத்திலேயே நிற்கிறது: புல எண். அடுத்தது உட்பிரிவு. அப்புறம் புன்செய், நன்செய், தீர்வை. நில அளவையர் எடுத்து வருவது புலப்படம். அதாவது புலம் என்றால் வயல். சங்கப் பாட்டில் நெல் விளையும் மருதமும் கடலோர நெய்தலும் மென்புலம்; மலையும் காடும் வன்புலம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, பல மொழி பேசும் வணிகர்களைப் 'புலம்பெயர் மாக்கள்' என்கிறது. அங்கே புலம் என்றால் நாடு. வயல், நாடு, புலன், அறிவு, துறை: ஐந்தும் ஒரே சொல். சூழலையும் மானுட அறிவையும் சேர்க்கும் துறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடி எங்கே போவது?

நடுவில் நிற்கும் 'மானுடம்' வடமொழி வழி வந்தது. தேரழுந்தூர்க் கம்பர் 'மானுடம் வென்றதம்மா' என்று பாடிய பிறகு அதை அந்நியம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தனித்தமிழ் வேண்டுவோர் 'சூழல் மாந்தப்புலம்' என்று எழுதலாம், பொருளில் குறைவில்லை.

இந்தப் புலத்தில் என்ன வேலை நடக்கும் என்பதைக் காட்ட ஒரு பிடி மண் போதும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் வார்க்கும் செப்புத் திருமேனிகளுக்கு ஆற்றின் வண்டல் மண்தான் அச்சு. தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் செய்வார்கள். வெயில் காலத்தில் குங்கிலியத்தைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிடித்து வைத்த விரல் மறுநாள் தொங்கிவிடும். உருவத்தின் உயரத்துக்கு நறுக்கிய தென்னை ஓலையைச் சிற்ப நூலின் அளவு முறையான தாளக் கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளைக் கொண்டு முகம், மார்பு, தொடை அளவுகளைச் சரிபார்ப்பார்கள்.

மெழுகின் மேல் முதல் பூச்சு, உமிக்கரியோடு அரைத்துக் குழைத்த நைசான வண்டல். ஆபரணத்தின் கடுகளவு மணிகூட இந்தப் பூச்சில்தான் பதிகிறது. காய்ந்ததும் மணல் கலந்த மண்ணால் அடுத்த பூச்சு, அதற்கு மேல் இன்னும் முரடான மண், இரும்புக் கம்பிக் கட்டு. நிழலில்தான் உலர்த்த வேண்டும். பிறகு வறட்டி நெருப்பில் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அச்சைக் குழியில் புதைத்து, மூசையில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். எத்தனை உலோகம் வேண்டும்? மெழுகைவிடச் செப்புக் கலவை ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனம். ஆகவே ஒரு கிலோ மெழுகுக்கு எட்டிலிருந்து பத்துக் கிலோ என்று கணக்குப் போட்டு, வாய்க்குழாயில் நிற்பதற்கும் சேர்த்து உருக்குவார்கள்.

தவறும் இடங்கள் எல்லாமே மண்ணைச் சுற்றித்தான். களி கூடினால் உலரும்போது சுருங்கி வெடிப்பு விழும். வெடிப்பில் உலோகம் புகுந்து சிலைமேல் தகடு தகடாக நிற்கும். மணல் கூடினால் மேனி சொரசொரக்கும். உளி வேலை பல நாள் நீளும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் ஊற்றும் நொடியில் நீராவி கிளம்பி உலோகத்தை எதிரே நிற்பவர்மேல் தெறிக்கவிடும். அச்சு ஆறிப்போயிருந்தால் விரல் நுனிக்குப் போகும் முன்பே உலோகம் உறைந்துவிடும். உமிக்கரி ஏன் என்றால், அது விட்டுவைக்கும் நுண்துளைகள் வழியாகத்தான் காற்று தப்புகிறது. களியும் மணலும் சரியான விகிதத்தில் கலந்த மண்ணை ஆறே சலித்துக் கொடுக்கிறது. ஓட்டம் தளரும்போது முதலில் முரட்டு மணல் படியும், நைசான வண்டல் வளைவுகளில் கரையோரம் கடைசியில் படியும்.

இனி கேள்விகள். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலில் ஒரு பங்கு அணைக்குள்ளேயே தங்குகிறது. மணல் அள்ளிப் படுகை ஆழமானால் வெள்ளம் கரையேறுவது குறையும். வெள்ளம் ஏறாத கரையில் புது வண்டல் படியாது. இது நீரியல். அந்த மண்ணைத் தொட்டு, நக்கி, தேய்த்துத் தரம் சொல்லும் அறிவு எழுத்தில் இல்லை, கையில் இருக்கிறது. இது கலை. சட்டத்தின் கண்ணில் ஆற்று மண் சிறு கனிமம். லாரி லாரியாக அள்ளுகிறவரையும் கூடையில் எடுக்கிறவரையும் அது எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? இது சமூகம். மூன்றையும் மூவர் மூன்று அறிக்கைகளாக எழுதினால் அது சூழல் மானுடப்புலம் ஆகாது. மண்ணின் துகள் அளவைச் சல்லடையில் அளந்து, அதே மாதிரியை ஸ்தபதியிடம் கொடுத்து அவர் சொல்லும் தரத்தைப் பக்கத்திலேயே எழுதி, எடுத்த இடத்தின் புல எண்ணையும் குறித்தால் ஆகும்.

வயலில் தொடங்க விரும்புவோருக்கும் இதே முறைதான். கடைமடையில் ஒரே ஒரு புல எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா, புலப்படம், கிராமத்தின் நிலக் கணக்கான 'அ' பதிவேடு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆவணத்தில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். ஊரில் மா என்பார்கள். 100 குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. மண் மாதிரிக்கு 'வி' வடிவக் குழி வெட்டி 15 செ.மீ. ஆழம் வரை பத்துப் பதினைந்து இடங்களில் சுரண்டி, கலந்து, கால்பங்காகப் பிரித்துப் பிரித்து அரைக் கிலோவாக்க வேண்டும். வரப்பு, எருக்குப்பை, மர நிழல், வாய்க்கால் ஓரம் கூடாது. பலர் வரப்போரம் நின்றே எடுத்துவிடுவதால் உப்புக் கணக்கு தப்பாக வரும். மண்ணின் உப்பைக் காட்டுவது மின்கடத்துதிறன்; சாறெடுத்து அளந்த அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல்லின் மகசூல் இறங்கத் தொடங்கும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வயலின் பழைய பெயர், தண்ணீர் வரும் வாய்க்காலின் பெயர், நடவுப் பாட்டு யாருடையது, கூலி நெல்லாக இருந்தபோது எத்தனை மரக்கால் என்பதும் எழுதப்பட வேண்டும்.

சமூகத்தைக் கடைசிப் பத்தியில் ஒட்டுகிற வழக்கம் இங்கே செல்லாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரியில்லா நிலங்களை அடுக்கும்போது ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாளர் குடியிருப்பான கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று ஒரே மூச்சில் சொல்கிறது. நீரும் கைவினையும் சாதியும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. நாம்தான் பிற்பாடு பிரித்தோம். 1960இல் தஞ்சை மாவட்டத்துக்குத் தீவிர வேளாண் திட்டம் வந்தது. 1965இல் குறுவைக்கு ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. 1968 டிசம்பர் 25இல், கூலி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். முதல் இரண்டும் வேளாண் நூலில், மூன்றாவது அரசியல் வரலாற்றில். எட்டே ஆண்டுகள், ஒரே வயல்வெளி.

திணை பற்றி ஓர் எச்சரிக்கை. கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் சேர்ந்து நிற்பதைக் காட்டி, 'இதெல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது' என்று முடித்துவிடுகிற கட்டுரைகள் ஏராளம். திணை என்பது செய்யுள் இலக்கணம். வகைப்படுத்தும் முறையை அதனிடம் கடன் வாங்கலாம். நிலத்தடி நீர் அளவை அதனிடம் கேட்கக் கூடாது.

எழுதும் முறை: மானுடம் + புலம் = மானுடப்புலம்; ஒற்று மிகும், இடைவெளி வேண்டாம். 'சூழல்' தனித்து நிற்கும். பெயரடையாக வரும்போது சூழல் மானுடப்புல ஆய்வு, சூழல் மானுடப்புல நோக்கு. உடன்பிறப்புச் சொற்கள்: எக்கலாஜி = சூழலியல், எக்கோகிரிட்டிசிசம் = சூழல் திறனாய்வு, என்விரான்மென்டல் ஹிஸ்டரி = சூழல் வரலாறு. பன்மை காட்ட 'புலங்கள்' என்று எழுத வேண்டியதில்லை. ஒரு புலத்துக்குள் எத்தனையோ உட்பிரிவு இருக்கலாம், பட்டாவிலும் அப்படித்தான்.