தெருமுனையில் புது பார்: நீலத் தாளும் உங்கள் 28 நாளும்

மூடிக் கிடந்த கடையின் கண்ணாடியில் திடீரென்று ஒரு வெளிர் நீலத் தாள் ஒட்டியிருந்தால், நின்று வாசியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக பார் திறக்க நினைப்பவர், கவுன்சிலிடம் விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து தொடர்ந்து 28 நாள் அந்தத் தாளை வெளியே தெரியும்படி வைத்திருக்க வேண்டும். ஏ4 அளவுக்குக் குறையாத தாள், கறுப்பு எழுத்து, எழுத்தின் அளவு 16க்குக் கீழே போகக் கூடாது. இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள் யாருக்கு எழுத வேண்டும் என்பதும் அதில் இருக்கும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் ஒரு விளம்பரம் வரும், கவுன்சில் இணையதளத்திலும் போடுவார்கள். ஆனால் வீடு வீடாகக் கடிதம் அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் பலருக்குத் தாளைப் பார்த்தால்தான் விஷயமே தெரியும்.

அந்த 28 நாளுக்குள் யாருமே எதுவும் எழுதாவிட்டால், விண்ணப்பம் ஒழுங்காக இருக்கும் பட்சத்தில் கவுன்சில் லைசன்ஸ் கொடுத்தே தீர வேண்டும். "கவுன்சில் பார்த்துக்கொள்ளும்" என்று நம் ஆட்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். யாரும் ஆட்சேபிக்காதபோது மறுக்கும் அதிகாரமே கவுன்சிலுக்குக் கிடையாது. ஒருநாள் பிந்தி வந்த கடிதத்தையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முன்பு இந்த லைசன்ஸை மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான் கொடுத்துவந்தது. 2003ஆம் ஆண்டின் லைசன்சிங் சட்டம் 2005 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு பொறுப்பு கவுன்சிலின் கைக்கு வந்தது. (ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள்.) கவுன்சில் நான்கே நான்கு விஷயங்களைத்தான் பார்க்கலாம்: குற்றமும் கலாட்டாவும் வராமல் தடுப்பது, மக்களின் பாதுகாப்பு, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை வராமல் தடுப்பது, பிள்ளைகளுக்குத் தீங்கு வராமல் காப்பது.

நீங்கள் எழுதும் கடிதம் இந்த நான்கில் ஒன்றையாவது தொட வேண்டும். இல்லாவிட்டால் அது கணக்கிலேயே வராது. "குடி குடியைக் கெடுக்கும்", "வீட்டின் விலை இறங்கிவிடும்", "ஏற்கெனவே மூன்று பார் இருக்கிறதே, நாலாவது எதற்கு" என்று எழுதினால் பலன் இல்லை. அந்தக் கவலைகள் பொய்யல்ல; ஆனால் இந்தச் சட்டத்தில் அவற்றுக்கு இடம் இல்லை. பார்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதி என்று கவுன்சிலே முன்கூட்டி ஆராய்ந்து அறிவித்திருந்தால் மட்டும் எண்ணிக்கையைப் பற்றிப் பேசலாம். இணையதளத்தில் கவுன்சிலின் லைசன்சிங் கொள்கையைத் திறந்து, உங்கள் தெரு அதில் வருகிறதா என்று பாருங்கள்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு நான் கடிதம் எழுத உதவினேன். முதலில் அவர் சொன்னது, "தம்பி, குடிகாரர் வந்து போகிற தெரு ஆகிவிடும் என்று எழுது." சரி, உங்களுக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். அவர் படுக்கையறை ஜன்னல் கடைக்குப் பின்னால் உள்ள சந்துப் பக்கம் பார்த்திருக்கிறது. குப்பைத் தொட்டிகள் அங்கேதான். விண்ணப்பத்தில் கேட்டிருந்த நேரம் இரவு 1 மணி வரை. அதன் பிறகு காலிப் போத்தல்களைத் தொட்டியில் கொட்டினால் அந்தச் சத்தம் நேரே கட்டிலுக்கு வரும். சிகரெட் பிடிக்க வெளியே வருகிறவர்கள் நிற்கவும் அந்தச் சந்து தவிர வேறு இடம் இல்லை. இதை அப்படியே எழுதினோம். பிறகு என்ன செய்தால் சமாளிக்கலாம் என்பதையும் சேர்த்தோம்: இரவு 11 மணிக்கு மேல் போத்தல் கொட்டக் கூடாது, பின்கதவு மூடியே இருக்க வேண்டும், மூடும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அரைப் பக்கம்தான்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம். பக்கத்தில் குடியிருப்பவர் மட்டும்தான் என்ற கட்டுப்பாட்டை 2012இல் எடுத்துவிட்டார்கள். ஆதரித்தும் எழுதலாம். ஒன்று மட்டும் முன்பே தெரிந்திருக்கட்டும்: உங்கள் பெயரும் முகவரியும் விண்ணப்பதாரருக்குப் போகும். மிக அரிதாக, மிரட்டலுக்கு அஞ்சக் காரணம் இருந்தால் மட்டுமே மறைப்பார்கள். போலீஸ், தீயணைப்புத் துறை, சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு ஆகியவற்றுக்கும் விண்ணப்பத்தின் பிரதி போகும். சத்தம் பற்றிய பயம் என்றால் சுகாதாரப் பிரிவுக்கும் ஒரு போன் போடுங்கள், அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம்.

பொருத்தமான ஆட்சேபம் வந்துவிட்டால், பேசித் தீராத பட்சத்தில் விசாரணை நடக்கும். மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். உங்களுக்காக வேறொருவர் பேசலாம். அவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர் மகளையோ மருமகனையோ அழைத்துப் போகலாம், பகுதிக் கவுன்சிலரையும் கேட்கலாம். கடிதத்தில் இல்லாத புது விஷயத்தை அங்கே கிளப்ப விட மாட்டார்கள், அதனால் முதல் கடிதத்திலேயே எல்லாம் இருக்கட்டும். கவுன்சிலர்கள் முழுதாக மறுப்பது குறைவு. நேரத்தைக் குறைப்பதும் நிபந்தனை போடுவதும்தான் வழக்கம். தீர்ப்பு பிடிக்காவிட்டால் இரு தரப்பும் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் தோற்றால் எதிர்த் தரப்பின் செலவு உங்கள் தலையில் விழக்கூடும்.

பார் திறக்க நினைக்கும் நம்மவருக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பக் கட்டணம் கட்டடத்தின் வரி மதிப்பைப் பொறுத்துப் பெரும்பாலும் 100 முதல் 635 பவுண்டு வரை. மது விற்பனைக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் குறிப்பிட வேண்டும், அவரிடம் தனிநபர் லைசன்ஸ் இருக்க வேண்டும். கட்டடத்துக்கான பிளானிங் அனுமதி முற்றிலும் வேறு. தாளை ஒட்டுவதற்கு முன்பே மேல்மாடிக்காரர், அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பேசிவிடுங்கள். போத்தல் எப்போது கொட்டுவீர்கள் என்று நீங்களே விண்ணப்பத்தில் எழுதிவிட்டால், அது நிபந்தனையாகிவிடும், பாதி ஆட்சேபம் வராமலே போகும்.

28 நாளைத் தவறவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. பார் திறந்த பிறகு தொல்லை வந்தால், லைசன்ஸை மறுபரிசீலனை செய்யும்படி யாரும் கவுன்சிலைக் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அப்போது கேட்பது ஆதாரம். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சத்தம், எவ்வளவு நேரம், கவுன்சிலுக்குப் போன் செய்தீர்களா, புகார் எண் என்ன என்று ஒரு நோட்டில் அன்றன்றே குறித்து வையுங்கள்.