முழங்கால் மடிப்புக்கு மேல் 5 சென்டிமீட்டர்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் வீட்டில் முதலில் தேட வேண்டிய பொருள் இஞ்ச் டேப். மருத்துவமனையில் இருக்கப்போவது சில நாள்தான். அதற்குப் பிறகான 6 முதல் 12 வாரம் வீட்டில்தான் கழியும். நம் வீடுகளோ தரையை நம்பி இருப்பவை. பாயில் படுக்கிறோம், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறோம், குத்தவைத்துத் துணி துவைக்கிறோம், உயரம் குறைந்த முக்காலியில் உட்கார்ந்து குளிக்கிறோம். புதிதாகப் பொருத்திய மூட்டுக்கு இவற்றில் ஒன்றுகூட ஒத்துவராது. காரணம் புரிந்துவிட்டால் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பந்து ஏன் நழுவுகிறது?

தொடை எலும்பின் தலை இயற்கையில் 40 முதல் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து. இடுப்பெலும்பின் குழிக்குள் அது ஆழமாக உட்கார்ந்திருக்கும். செயற்கைப் பந்து அதைவிடச் சிறியது. 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, இடுப்புக் குழியில் பதித்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் வைத்த உலோகப் பந்து ஏறத்தாழ 22 மி.மீ. மட்டுமே. பந்து சிறுத்தால் உராய்வு குறையும் என்பது அவர் கணக்கு. இன்று பெரும்பாலும் 28, 32, 36 மி.மீ. பந்துகளைப் பொருத்துகிறார்கள். கிண்ணத்தை விட்டு வெளியேற, பந்து தன் ஆரத்தின் அளவுகூட நகர வேண்டியதில்லை. 32 மி.மீ. பந்துக்கு அது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு.

பின்பக்கமாகத் திறந்து செய்யும் முறையில், மூட்டைச் சுற்றியுள்ள உறையின் பின்சுவரையும் தொடையை வெளிப்பக்கம் திருப்பும் சிறு தசைகளையும் வெட்டி, முடிவில் திரும்பத் தைத்துவிடுவார்கள். தையல் போட்ட திசு உறுதிப்பட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் தொடை 90 பாகைக்கு மேல் மடங்கினால், பந்தைத் தாங்கும் உலோகக் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் முட்டும். அந்த முட்டுப்புள்ளியை ஆதாரமாக வைத்துப் பந்து பின்பக்கம் நெம்பப்படும், அங்கே தடுக்க இருப்பது அரைகுறையாக ஆறிய தையல்தான். மடக்கியதோடு கால் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்து முறுக்கவும் செய்தால் நழுவும் வாய்ப்பு இன்னும் கூடும். குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, தரையில் கிடக்கும் செல்போனை எடுக்கக் குனிவது இந்த மூன்றையும் ஒரே நொடியில் செய்துவிடும்.

முன்பக்கமாகத் திறந்தவர்களின் நிலை வேறு. பின்தசைகள் வெட்டப்படாததால் மடக்குவதற்குப் பல மருத்துவமனைகள் அவர்களுக்குக் கட்டுப்பாடே விதிப்பதில்லை. காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதைத்தான் தவிர்க்கச் சொல்வார்கள். பின்பக்க முறையிலும் சில மருத்துவர்கள் இப்போது விதிகளைத் தளர்த்திவிட்டார்கள். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எந்தப் பக்கமாகத் திறப்பீர்கள், எனக்கு என்னென்ன அசைவு கூடாது, எத்தனை வாரத்துக்கு?” பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பத்தியம் உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. இங்கே இனி வருவது, கட்டுப்பாடு அதிகமுள்ள பின்பக்க முறையை மனத்தில் வைத்து எழுதியது.

டேப்பை எடுங்கள்

நோயாளி வழக்கமாகப் போடும் செருப்போடு நேராக உட்காரட்டும். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதோடு 5 செ.மீ. கூட்டுங்கள். வீட்டில் அவர் உட்காரும் ஒவ்வோர் இடத்துக்கும் வேண்டிய உயரம் அதுதான். அந்த உயரத்தில் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும், 90 பாகையை எட்டாது. மடிப்பு வரை 42 செ.மீ. உள்ளவருக்கு 47 செ.மீ. வேண்டும். மெத்தை வைத்த இருக்கை என்றால் ஆளை உட்காரவைத்துத்தான் அளக்க வேண்டும். 50 செ.மீ. சோபா உட்கார்ந்ததும் 38 ஆகிவிடும். அளவுக்கு மீறி உயர்த்துவதும் தப்பு. பாதம் தரையில் முழுதாகப் பதியாவிட்டால் உடம்பு முன்னே வழுக்கும்.

இந்த அளவோடு வீட்டைச் சுற்றி வந்தால் பாதிச் சாமான்கள் தேறாது. சாய்வு நாற்காலி, ஊஞ்சல், மோடா, சோபா எல்லாம் கொஞ்ச நாளைக்கு மற்றவர்களுக்கு. கை வைத்த மர நாற்காலி ஒன்று போதும். உயரம் பற்றாவிட்டால் கெட்டியான ரப்பர் நுரைத் திண்டு ஒன்றை வெட்டி வாங்கிப் போட்டு, நழுவாமல் கட்டிவிடுங்கள். தலையணையை அடுக்க வேண்டாம், அது நகரும். நாற்காலிக்குக் கை அவசியம். எழும்போது உடம்பை முன்னே சாய்த்து எம்புவது நம் வழக்கம், அந்தச் சாய்வும் மடக்கல்தான். இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, ஆபரேஷன் காலை முன்னே நீட்டிவைத்து, இரண்டு கையாலும் நாற்காலியின் கைகளை அழுத்தி நேராக எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுபவர்கள் வாக்கரோடு பின்னால் சாய்வார்கள்.

கட்டிலுக்கும் அதே அளவு. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து இடுப்பைக் கீழே இறக்கிவிடும். குட்டையான கட்டில் என்றால் நான்கு காலுக்கும் ஒரே கனமுள்ள மரக்கட்டை கொடுங்கள். கட்டையின் மேல்முகத்தில் கட்டில் கால் இறங்கி உட்காரும் அளவுக்குப் பள்ளம் வெட்டச் சொல்ல வேண்டும், வெறும் செங்கல் நழுவும். கட்டிலின் எந்தப் பக்கம் சுவரை ஒட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆபரேஷன் கால் பக்கமாக இறங்கினால் அந்தக் கால் முன்னே போகும், நடுக்கோட்டைத் தாண்டாது. மருத்துவமனையில் எந்தப் பக்கம் இறங்கப் பழக்குகிறார்களோ, அந்தப் பக்கம் வீட்டிலும் திறந்திருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தூக்கத்தில் புரண்டாலும் கால் குறுக்கே விழாது.

கழிப்பறையும் குளியலறையும்

வீட்டில் மிகுந்த யோசனை தேவைப்படும் இடம் இது. வெஸ்டர்ன் கழிப்பறையின் உயரம் பெரும்பாலும் 40 செ.மீ.யை ஒட்டியே இருக்கும். நம் எடுத்துக்காட்டில் 7 செ.மீ. குறைகிறது. மேலே பொருத்தும் உயர்த்தி 5, 10, 15 செ.மீ. அளவுகளில் விற்கிறது. இங்கே 10 எடுக்கலாம், பாதம் தரையில் பதிகிறதா என்று உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். பக்கவாட்டில் திருகிப் பொருத்தும் வகையை வாங்குங்கள். சும்மா வைக்கும் வகை, ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் நழுவும்.

இந்தியன் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில் அதை உடைத்துக் கட்ட வேண்டியதில்லை. உயரம் மாற்றக்கூடிய கால்களுள்ள கமோடு நாற்காலியின் வாளியைக் கழற்றிவிட்டு, பீங்கானுக்கு மேலே நிறுத்திக்கொள்ளலாம். நான்கு கால்களும் சமமான தரையில் ஊன்றுகின்றனவா என்று பாருங்கள். மேடை கட்டிய கழிப்பறையில் பின்கால் மேடையிலும் முன்கால் கீழேயும் நிற்கும், அப்போது காலின் நீளத்தைத் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கும். மேடையேறிப் போவதே சிரமம் என்றால் முதல் சில வாரம் வாளியோடு படுக்கையறையிலேயே வைத்துக்கொள்வது உத்தமம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

குளியலறைக் கதவின் அகலத்தை, கதவைத் திறந்துவைத்து நிலைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். மடக்கு வாக்கர் ஏறத்தாழ 55 முதல் 65 செ.மீ. அகலம் இருக்கும். 2 அடிக் கதவில் அது சிக்கும். பக்கவாட்டாக அடியெடுத்து நுழையலாம், ஆனால் அதை முன்கூட்டியே பழக வேண்டும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். தாழ்ப்பாள் போடாமல் திரை மாட்டிக்கொள்ளலாம்.

குளிக்கும்போது நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துவிட்டு வாளியைத் தரையிலேயே விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு குவளைக்கும் குனிவார்கள், ஒரு குளியலுக்கு முப்பது நாற்பது குனிதல். வாளியை இன்னொரு உறுதியான முக்காலிமேல் ஏற்றுங்கள், அல்லது கைஷவர் மாட்டுங்கள். குளியலுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி என்றால் ஈரமான டைல்ஸில் அதன் கால்கள் விரியும், பழைய நாற்காலி முறியும். அடியில் ரப்பர் உள்ள அலுமினிய நாற்காலி நம்பத்தக்கது. துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. கைப்பிடியைச் சுவரில் துளையிட்டுப் பூட்ட வேண்டும், டைல்ஸில் காற்றுக்கவ்வி ஒட்டும் பிடி எப்போது விடும் என்று சொல்ல முடியாது. காயத்தில் தண்ணீர் படலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் குளிக்க வேண்டும்.

நடையும் கையும்

பெர்லினில் கியோர்க் பெர்க்மான் குழுவினர் உணரிகள் பதித்த செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தி விசையை அளந்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. தடுக்கித் தடுமாறும்போது 7 மடங்கையும் தாண்டியது. அதனால் நடப்பதைவிடத் தடுக்குவதற்குத்தான் அஞ்ச வேண்டும். வாசலில் கிடக்கும் கால்மிதி, மடங்கிய பாய், மின்விசிறி ஒயர், ஈரத் தரை, கோலப்பொடி, காலைச் சுற்றும் நாய்க்குட்டி எல்லாவற்றையும் பாதையிலிருந்து அகற்றுங்கள். கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். நிலைப்படிகளைப் பெயர்க்க முடியாது. அவற்றின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் டேப் ஒட்டினால் போதும். வேட்டியும் சேலையும் வாக்கர் காலில் மாட்டும். நைட்டி, அரைக்கால் சட்டை, கணுக்கால் தெரிய மடித்துக் கட்டிய கைலி நல்லது. உடுத்தும்போது ஆபரேஷன் கால் முதலில், கழற்றும்போது கடைசியில். பின்வார் இல்லாத ரப்பர் செருப்பைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைக்க வேண்டும்.

வாக்கரின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு வரும் இடம். அதைப் பிடித்தால் முழங்கை இலேசாக மடங்கும். நான்கு காலிலும் ஒரே துளையில் ஊசி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும், மாற்றிவிடுங்கள். திரும்பும்போது ஊன்றிய காலில் சுழலக்கூடாது. ஆபரேஷன் காலை ஊன்றியபடி உடம்பு அந்தப் பக்கமே திரும்பினால், தொடையை உள்நோக்கி முறுக்கியதற்குச் சமம். சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்புங்கள்.

ஊன்றுகோலுக்கு மாறும்போது அது எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். வலது மூட்டு என்றால் இடது கை. வலிக்கிற பக்கம் பிடிப்பதுதான் நியாயம் என்று தோன்றும், இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பு மறுபக்கம் சாயாமல் இழுத்துப் பிடிப்பவை இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள். அவற்றுக்குக் கிடைக்கும் நெம்புகோல் மிகக் குட்டை, ஆகவே பலமாக இழுக்க வேண்டும், அந்த இழுப்பு முழுதும் மூட்டின்மேல் விழுகிறது. எதிர்க் கையில் உள்ள கோல் மூட்டிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால், அங்கே கொடுக்கும் சிறு அழுத்தமே தசையின் வேலையைப் பெரிதும் குறைக்கிறது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

வாக்கர் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும். காபித் தம்ளரைக்கூடத் தூக்கிப் போக முடியாது. வாக்கரின் முன்குறுக்குக் கம்பியில் துணிப்பை கட்டி, மூடியுள்ள பிளாஸ்க், செல்போன், மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளலாம். பை கனத்தால் வாக்கர் முன்னே கவிழும். சமையலறையில் தினமும் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டில் இருக்கட்டும். அரிவாள்மனை, 20 லிட்டர் தண்ணீர்க் கேன், சிலிண்டர் மூன்றும் வேறொருவர் பொறுப்பு.

இத்தனையும் தயாரான பிறகு, அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னால் ஒருநாள் முழுக்க வாக்கரோடு வீட்டில் வாழ்ந்து பாருங்கள். எந்தக் கதவு இடிக்கிறது, எந்த சுவிட்ச் எட்டவில்லை என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்.

உடம்பைத் தயார்செய்வது தனிக் கணக்கு. சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கால்விரல் இடுக்குப் புண், குதிகால் வெடிப்பு எல்லாம் கிருமி உள்ளே வரும் வாசல்கள். செயற்கை மூட்டில் ரத்த ஓட்டம் கிடையாது, அங்கே கிருமி படிந்தால் விரட்டுவது கடினம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் புகைப்பதை நிறுத்துவதும் பல வாரம் முன்பே தொடங்க வேண்டியவை. வீட்டில் பிளேடால் ரோமம் மழிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலைக் கொண்டுவரும். தண்ணீர், கீரை, பழம் எல்லாம் முதல் நாளிலிருந்தே வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தை, நன்றாக நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். கெண்டைக்காலில் புதிய வலியும் வீக்கமும், காயத்தில் நீர் கசிவு, காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108. ‘டக்’கென்ற உணர்வோடு தாங்க முடியாத வலி வந்து, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால் பந்து நழுவியிருக்கிறது. வீட்டில் யாரும் இழுத்துப் பார்க்கக் கூடாது.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் பயணத்துக்கு ஆட்டோ வேண்டாம், காலை நீட்ட இடமிருக்காது. காரில் முன் இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சாய்த்து, குஷன் போட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பை விரியுங்கள். முதலில் உட்கார வேண்டும், பிறகு இரு காலையும் சேர்த்து உள்ளே வழுக்கித் திருப்ப வேண்டும். உட்கார்ந்ததும் பையை உருவிவிடுங்கள். நம் நாட்டில் தொடை எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, இளம் வயதிலேயே இந்த அறுவை சிகிச்சைக்கு வருபவர்கள் நிறைய. அவர்கள் முதலில் கேட்பது பைக் ஓட்டுவது பற்றித்தான். காலைத் தூக்கிப்போட்டு ஏறுவதும், கால் ஊன்றி வண்டியைத் தாங்குவதும் மூட்டைச் சோதிக்கும். மருத்துவர் சொல்லும்வரை பின்சீட்டும் கூடாது.

மற்றவர்கள் கேட்பது, “தரையில் எப்போது உட்காரலாம்?” கிண்ணம் பதிந்த கோணம், பந்தின் அளவு, திறந்த பக்கம் ஆகியவற்றைப் பொறுத்து, 3 மாதத்துக்குப் பிறகு சிலருக்கு மருத்துவர் அனுமதிப்பதுண்டு, சிலருக்கு ஒருபோதும் இல்லை. அனுமதி கிடைத்தவர்கள் முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில், பக்கத்தில் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கிப் பழகலாம். கல்யாண வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிடுவதற்கும் அந்த அனுமதி போதுமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் மடக்கல் இன்னும் அதிகம்.