ஆய்வாளரா, ஆராய்ச்சியாளரா?

குன்னூரில் ஒரு பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இப்படி எழுதியிருந்தார்கள்: ‘வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் மாணவர்களிடம் பேசுகிறார்.’ பேச வந்தவள் என் அக்கா மகள். ஸ்வெட்டரும் ஜீன்ஸுமாக அவள் மேடை ஏறியதும், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “யூனிஃபார்ம் போடலையா மிஸ்?” என்று கேட்டான்.

அவன் கேட்டது சரிதான். நம் ஊரில் ஆய்வாளர் என்றால் காவல் ஆய்வாளர். வருவாய் ஆய்வாளர், மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அரசு அலுவலகங்களில் இன்ஸ்பெக்டருக்கு அதுதான் பெயர். பல்கலைக்கழக வாசலைத் தாண்டினால் அதே சொல் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவரைக் குறிக்கும். ‘சைபர் செக்யூரிட்டி ரிசர்ச்சர்’ என்பதற்குச் சரியான தமிழ் எது என்று அன்று மாலை அவளோடு உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆய்தல். இந்தச் சொல் இன்னும் சமையற்கட்டில் உயிரோடு இருக்கிறது. கீரைக்கட்டைப் பிரித்து முறத்தில் பரப்பி, பழுப்பு, புல், பூச்சி அரித்த இலை எல்லாவற்றையும் விலக்கி நல்லதை எடுப்பதைக் கீரை ஆய்வது என்கிறோம். ஒரு தண்டையும் விடாமல் விரல் தொட்டாக வேண்டும். தொல்காப்பிய உரியியல் ஒரு படி மேலே போகிறது: ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.’ ஏற்கெனவே உள்ள ஒன்று நுணுகுவது ஆய்தல். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் இதில் தேடுவது மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை; அது எப்போதும் முன்பே அங்கே இருக்கிறது.

2014 ஏப்ரலில் வெளிவந்த ‘ஹார்ட்ப்ளீட்’ ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பக் கணக்கற்ற தளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் அது இருந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கணினி ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்பும். எதிர்முனை அந்தச் சொல்லையே திருப்பி அனுப்ப வேண்டும். சொன்ன நீளமும் வந்த சொல்லும் ஒத்துப்போகிறதா என்று அந்த நிரல் சரிபார்க்கவில்லை. சின்னச் சொல்லை அனுப்பிவிட்டு நீளத்தை மட்டும் கூட்டிச் சொன்னால், நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையும் சேர்த்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். அதில் கடவுச்சொல் இருக்கலாம், மறையீட்டுச் சாவியே இருக்கலாம். யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய நிரல் அது. இரண்டு ஆண்டுக்கு மேல் அந்தப் பிழை அப்படியே கிடந்தது. கடைசியில் கூகுள் பொறியாளர் ஒருவரும் ஃபின்லாந்தின் கோடனோமிக்கான் நிறுவனத்தாரும் தனித்தனியாக அதை ஆய்ந்து எடுத்தார்கள்.

‘ரிசர்ச்’ வேறு வழியில் வந்த சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது; அடியில் கிடப்பது சுற்றிவருதல் என்னும் லத்தீன் வினை. சர்க்கஸுக்கும் அந்த வட்டம்தான் வேர். அவர்கள் சுற்றிச் சுற்றித் தேடுகிறார்கள், நாம் முறத்தில் பரப்பி ஆய்கிறோம்.

ஆய்தலோடு ‘நிறைய’ என்னும் பொருள்தரும் ‘ஆர’ சேர்ந்தால் ஆராய்தல். ஆராய்ச்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் கட்டிய ஆராய்ச்சி மணி. முறைகேடு கண்டவர் இழுத்து அடிக்க வேண்டியது அது. ஓட்டையைக் கண்டவரும் மணி அடித்தாக வேண்டும். முதலில் மென்பொருளைச் செய்தவரிடம் கமுக்கமாகச் சொல்லி, சரிசெய்ய நாள் கொடுத்து, பிறகுதான் ஊருக்குச் சொல்வார்கள். கூகுளின் ‘புராஜெக்ட் ஜீரோ’ குழு 2014 முதல் இதற்கு 90 நாள் கெடு வைத்திருக்கிறது. இந்தியாவில் ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’னிடம் தெரிவிக்கலாம். இந்தக் காரணத்துக்காகவே ஆய்வாளரை விட ஆராய்ச்சியாளர் எனக்குப் பிடித்திருக்கிறது.

‘சைபர்’ என்ற சொல்லில் எங்கள் அம்மாவுக்கே குழப்பம். அவருக்குச் சைபர் என்றால் பூஜ்யம். அது அரபியிலிருந்து வந்தது. கணினிச் சைபர் கிரேக்கம். சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் வந்த தன் நூலுக்கு ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்று பெயர் எடுத்தார்; அதன் முன்பாதிதான் இந்தச் சைபர். நம் மீகாமன்தான் அது! தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘இணைய’ என்று மாற்றினாலும் முழுதாகப் பொருந்தவில்லை. 2010இல் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் (மால்வேர்), இணையத்தோடு சேராத ஈரான் அணு ஆலைக் கணினிகளுக்குள்ளேயே புகுந்ததே! எனவே கணினிப் பாதுகாப்பு என்பதே நேர்.

‘ஹேக்கர்’ என்றும் சிலர் என் அக்கா மகளை அழைக்கிறார்கள். ஹேக் என்றால் தாறுமாறாக வெட்டுவது, கொத்துவது. கணினிப் பக்கம் அது வந்தது அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் மாணவர்கள் நடத்திய பொம்மை ரயில் மன்றம் வழியாக. மின்னமைப்பில் ‘ஹேக்’ செய்கிறவர்கள் ஃபியூஸ் போகாமலிருக்க மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும் என்று 1955 ஏப்ரல் கூட்டக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அங்கே திருட்டு வாடையே இல்லை, நோண்டிப் பார்க்கும் ஆசைதான். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தபோது 66ஆம் பிரிவு ‘ஹேக்கிங்’கைக் குற்றத்தின் பெயராகவே வைத்தது, 2008 திருத்தம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘கணினி தொடர்பான குற்றங்கள்’ என்று மாற்றியது. உரிமையாளர் அனுமதி இருக்கிறதா, நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் உண்டா என்பதே இப்போது அந்தப் பிரிவு பார்க்கும் கோடு. தமிழில் ‘கொந்தர்’ என்று எழுதுகிறார்கள். கிளி கொந்திய பழம் என்போமே, அந்தக் கொந்துதல். நல்ல சொல். களவாட நுழைபவரை மட்டும் ஊடுருவி என்று பிரித்துச் சொல்லலாம்.

அவள் நேராக இந்த வேலைக்கு வந்தவளல்ல. முதல் மூன்று ஆண்டு இரவுப் பணி. திரையில் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்து உண்மை எது பொய் எது என்று பிரிப்பது. அதற்குப் பகுப்பாய்வாளர் என்று பெயர். பிறகு தீநிரல்களைப் பிரித்துப் படித்தாள். பிறகுதான் தானே ஓட்டை தேடும் வேலை. இப்போது கோத்தகிரி வீட்டிலிருந்தே ஆறு பேரை நடத்துகிறாள்.

‘டீம் லீட்’ என்பதற்கு என்ன சொல்வது? தோட்டத்துக் கங்காணி என்ற சொல் கண்காணிப்பதிலிருந்து வந்தது. எத்தனை கிலோ கொழுந்து என்று மாலையில் நிறுத்துப் பார்க்கிற இடத்துக்கு அது சரி. மூன்று மாதம் தேடியும் ஒன்றும் கிடைக்காத பையனை எதில் நிறுப்பது? அவன் எந்தெந்த வழியில் தேடிப் பார்த்தான் என்று எழுதச் சொல்லி, அடுத்தவருக்கு அது பயன்படும்படி செய்கிறாள். கிடைத்ததாகச் சொல்பவரின் கண்டுபிடிப்பைத் தன் கணினியில் மறுபடி நிகழ்த்திப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை. கண்டுபிடிப்பை வெளியிடும் கட்டுரையில் குழுவினர் பெயர்தான் முன்னால் வரும். கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும் மலை ரயிலில் எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருமே, அப்படி. தலைவர் என்று எழுதுவது தவறல்ல. ஆனாலும் ‘குழுவை வழிநடத்துபவர்’ என்று வினையாகச் சொல்லும்போதுதான் வேலை தெரிகிறது.

அடுத்த மாதம் அதே பள்ளியில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். பலகைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது: ‘கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர். மென்பொருளில் ஓட்டை தேடும் ஆறு பேர் குழுவை வழிநடத்துகிறார்.’