ரேஸர் ஆகணும்னு வர்ற தம்பிகளுக்கு

திங்கட்கிழமை காலை ஓபியில் காறை எலும்பு உடைந்த பையன் ஒருவனாவது உட்கார்ந்திருப்பான். ஞாயிறு விடிகாலையில் கோவை பைபாஸ் காலியாகக் கிடப்பதுதான் காரணம். "நாய் குறுக்க வந்துருச்சுங்க சார்" என்பான். கூட வந்த நண்பனின் போனில் ரீல்ஸ் இருக்கும். அதில் நாய் இருக்காது.

போன வருடம் அப்படி வந்தவன் இன்ஜினியரிங் மூன்றாம் வருட மாணவன். எலும்பு மூன்று துண்டு. பிளேட் வைத்தோம். "அந்த வண்டிய வித்துப்போடச் சொல்லுங்க சார்" என்று அவன் அம்மா அழுதார். அவர் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, "சார், நான் ரேஸர் ஆகணுங்க" என்றான்.

"செட்டிபாளையம் டிராக்குக்குப் போயிருக்கியா தம்பி?"

"இல்லைங்க சார். அதெல்லாம் பணக்காரங்களுக்குங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஃபார்முலா மாருதி ரேஸ் காரை வடிவமைத்த கரிவரதனின் ஊர் இது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். 2003-ல் திறந்த செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் டிரைவராகக் களமிறங்கிய நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, ரேஸ் என்றால் பைபாஸ் என்று நினைக்கிறானே!

ரேஸ் ஓட்டப் பணம் வேண்டும், அதை மறுக்கவில்லை. டயர் செலவிலேயே பலர் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் டிராக்குக்குள் நுழைய ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கொடியோடு மார்ஷல்கள் நின்றால்தான் ரேஸ் நடக்கும். பெரும்பாலும் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் மூலமாக வரும் தன்னார்வலர்கள்தான் அந்த வேலையைப் பார்க்கிறார்கள். காலேஜ் பையன்கள், பெண்கள், பேங்க்காரர், மெக்கானிக் என்று எல்லாரும் உண்டு. கிளப்பில் பெயர் கொடுத்தால் வகுப்பு எடுத்து, பழைய ஆளோடு சேர்த்து நிறுத்துவார்கள்.

டிராக்குக்கு நான் டாக்டராகப் போன முதல் நாள் மஞ்சள் டீ-ஷர்ட் போட்டுப் போய்விட்டேன். சீனியர் மார்ஷல் ஒருவர் ஓடி வந்து, "டாக்டர், மொதல்ல சட்டைய மாத்துங்க" என்றார். மஞ்சள் அசைந்தால் 'முன்னால் ஆபத்து, முந்தாதே' என்று அர்த்தம். சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம். தூரத்தில் வருகிறவனுக்கு என் சட்டையும் கொடியும் ஒன்றுதான். நைலானும் ஆகாது, தீ பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திதான் நல்லது. வண்டி வரும் திசைக்கு முதுகு காட்டக் கூடாது என்பதையும் அன்றுதான் கற்றேன். இருபது வருடப் படிப்பு அங்கே செல்லவில்லை.

இன்னொன்றை ஒழுங்காகச் செய்வதையும் மார்ஷல்களிடம்தான் பார்த்தேன். விழுந்தவனின் ஹெல்மெட்டைத் தொட மாட்டார்கள். ரோட்டிலோ முதலில் ஓடி வருகிறவர் அதைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார். கழுத்தெலும்பு நொறுங்கியிருந்தால் அந்த ஒரு இழுப்பில் தண்டுவடம் போய்விடலாம். மூச்சு வருகிறது என்றால் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியான வைசரை மட்டும் திறந்து, தலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். மூச்சு இல்லையென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் மெல்ல உருவ வேண்டும்.

அதே வேகத்தில் டிராக்கிலும் விழுகிறார்கள். பெரும்பாலும் எழுந்து தூசி தட்டிக்கொண்டு நடக்கிறார்கள். எல்லா வண்டியும் ஒரே திசையில் போகிறது; சறுக்கிப் போக இடம் இருக்கிறது; மீடியனோ கரண்ட் கம்பமோ கிடையாது. லெதர் சூட் தேய்வதால் தோல் தப்பிக்கிறது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்காவிட்டால் ரேஸே தொடங்காது. அதற்காக டிராக்கில் யாருக்கும் எதுவும் ஆகாது என்று சொல்ல வரவில்லை. எலும்பு அங்கேயும் உடையும்.

ஓட்டத்தான் வேண்டும் என்றால் கோ-கார்ட்டிங்கில் தொடங்கலாம். கார் இருந்தால், குறித்த சராசரி வேகத்தில், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரும் டிஎஸ்டி ராலி இருக்கிறது. வேகமாகப் போனாலும் மார்க் குறையும்; பக்கத்து சீட்டில் வழிசொல்லியாகப் போகக் கணக்குத் தெரிந்தால் போதும். அடுத்த படிக்கு இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் போட்டி லைசென்ஸ் வேண்டும். அதற்கான மெடிக்கல் ஃபாரத்தை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்" என்கிறார்கள். போட மாட்டேன். வலிப்பு மாத்திரை சாப்பிடுவதை மறைத்த ஒருவனை ரத்த அழுத்தம் பார்க்கும்போது பேச்சுக்கொடுத்துத்தான் பிடித்தேன்.

பைக் ஹெல்மெட்டைக் காருக்குப் போடாதீர்கள். கார் ரேஸ் ஹெல்மெட்டின் உட்புறம் தீ தாங்கும். பைக்குடையது தாங்கும் என்று சொல்ல முடியாது. ஒரு முறை பலமாக அடிபட்டது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், குப்பைக்குத்தான். உள்ளே தெர்மோகோல் அமுங்கியிருக்கும். வண்டி பாலிசியையும் எடுத்துப் படியுங்கள்: ரேஸிலும் வேகச் சோதனையிலும் ஆகும் சேதத்துக்கு அது பொறுப்பேற்காது.

பெற்றோருக்கு ஒன்று. பதினெட்டு ஆகாதவன் ரோட்டில் குற்றமாக ஏதும் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வண்டியை விற்பதால் ஆசை போய்விடாது, நண்பன் வண்டி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய் டிராக்கைக் காட்டுங்கள்.

அந்தப் பையன் போன மாதம் பிளேட்டை எடுக்க வந்தான். சனிக்கிழமை அட்மிட் ஆகச் சொன்னேன். அம்மாவைப் பார்த்தான். அவர்தான் சொன்னார்: "அடுத்த வாரம் வெச்சுக்கலாங்களா சார்? ஞாயித்துக்கிழமை இவனுக்குக் கொடி டியூட்டி போட்டிருக்காங்க."