ஃபோர் வீல் போட்டும் ஜீப் மணலில் புதைவது ஏன்?

தொண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க ஜீப்புக்கு இருபத்தஞ்சு வயசு. மீன் பெட்டி ஏத்திக் கரையில இறங்கினா, ஃபோர் வீல் போட்டும் மணல்ல புதையுது. பின் அச்சுக்கு லாக்கர் மாட்டினா சரியாகுமா?"

பெரும்பாலும் சரியாகும்; ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டி ஒன்றாகச் சுற்றவைப்பதுதான் லாக்கர். ஆனால் செலவு லாக்கரோடு நிற்காது.

திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அதற்குத்தான் டிபரன்ஷியல், அதாவது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும், அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதி. அதற்கு இன்னொரு குணமும் உண்டு: இரு பக்கமும் சமமான முறுக்குவிசையையே தரும். அதன் நடுவிலுள்ள ஸ்டார் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் தராசுக் கோல் மாதிரி. உதிரி மணலில் சுற்றும் சக்கரத்துக்கு அற்ப விசை போதும். அதனால் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான். முன் அச்சிலும் இதே கதை. முன்னே ஒன்று, பின்னே ஒன்று வெறுமனே சுற்ற, வண்டி நகராது.

2015இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பின் பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிபரன்ஷியல் கிடைத்தது, அதுவும் ஒருவகை லாக்கர்தான். பட்டன் இல்லை, வயர் இல்லை. இரு சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டதும், உள்ளே இருக்கும் சின்ன எடைக்கட்டைகள் மையவிலக்கால் வெளியே விரிகின்றன. ஒன்று கொக்கியில் மாட்டி, ஒரு சரிவுத் தட்டைப் பிடித்து நிறுத்துகிறது. பக்கத்துப் பல்சக்கரமோ சுற்றிக்கொண்டேயிருக்கிறது. அது சரிவில் ஏறி கிளட்ச் தட்டுகளை நெருக்க, அச்சு முழுதும் ஒரே தண்டாகிவிடுகிறது. பூட்டும் விசையைத் தருவது வீணாகச் சுற்றிய அந்தச் சக்கரமேதான்! இதை யோசித்தவரின் கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றுகிறது. வேகம் கூடினால் வேறொரு எடை கொக்கியையே விலக்கிவிடும், தார்ச்சாலையில் பயமில்லை.

ஆனால் இதுவரை பாதி விசையை மட்டுமே தாங்கிய ஆக்சில் ஷாஃப்ட் (டிபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு), பூட்டிய பிறகு சில நேரம் முழுவிசையையும் ஒற்றையாகத் தாங்க வேண்டிவரும். எனவே முதலில் ஷாஃப்டை உருவித் துடைத்துப் பாருங்கள். நுனியிலுள்ள பற்கோடுகள் நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால் அது ஏற்கெனவே முறுக்கிக்கொண்டுவிட்டது, மாற்றுங்கள். அடியில் துருக்குழி தெரிந்தாலும் அப்படியே. ஷாஃப்ட் முறிந்தால் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைக்கிறார்கள். முறிந்த முகத்தைப் பாருங்கள்: ஓரத்தில் பழைய விரிசல் வழவழப்பாகக் கறுத்திருக்கும், கடைசியாக முறிந்த இடம் மட்டும் சொரசொரவென்று பளிச்சிடும். காரணம் உப்புக்காற்றும் பாரமும்தான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் துருச்சோதனை மையம் வைத்திருக்கிறது. அத்தகைய ஆய்வுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் தர வேண்டும். முடிவுகள் நம்மூர் ஒர்க்‌ஷாப்புக்கும் வந்து சேர வேண்டும்.

சூடான அச்சு கடல்நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அச்சுக்கூட்டின் காற்றுத் துளையான பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி உயரத்தில் கட்டுங்கள். ஆயில் வெளுத்திருந்தால் சீலையும் ஆயிலையும் மாற்றுங்கள். பிறகு டயரில் காற்றைக் குறைத்து ஒருமுறை மணலில் இறக்கிப் பாருங்கள். அப்போதும் புதைந்தால் லாக்கர் வாங்கலாம்.