வால்வு சிகிச்சையில் பெண்களுக்கு எங்கே தாமதமாகிறது?

இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்கு முன் ஆபத்தைக் கணக்கிட 'யூரோஸ்கோர் 2' என்றொரு முறை உண்டு. வயது, சிறுநீரகம், நுரையீரல் என்று நிரப்பிக்கொண்டே வந்தால் 'பெண்' என்ற கட்டமும் வரும். அதைக் குறித்தாலே ஆபத்து சற்றுக் கூடும். "அம்மா பொம்பளைங்கிறதுக்காகவா டாக்டர்?" என்று ஒரு மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். என் அனுபவத்தில், இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியிலேயே உருவாகிவிடுகிறது.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான மகாதமனி வால்வு நன்றாகவே சுருங்கியிருந்தது. "மூச்சு வாங்குதாம்மா?" என்றால், "அதெல்லாம் இல்லீங்க" என்கிறார். உடன் வந்த மருமகள்தான் போட்டு உடைத்தார்: "அத்தை மாடிக்கே போறதில்லை டாக்டர். துணி காயப்போடுறதெல்லாம் நான்தான்." மாடி ஏறாதவருக்கு மூச்சு எங்கே வாங்கும்? இப்போதெல்லாம் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். போன பொங்கலுக்குச் செய்த வேலைகளில் இந்தப் பொங்கலுக்கு எதை விட்டீர்கள் என்று கேட்கிறேன். பதில் சரளமாக வருகிறது.

சரி, பழியை நோயாளி மேல் மட்டும் போட முடியாது. எங்கள் அளவுகோல்களிலும் கோளாறு இருக்கிறது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு இருந்தால், இதயம் சுருங்கிய நிலையில் இடது கீழறை 40 மி.மீ. ஆகும்போது, அறிகுறி இல்லாவிட்டாலும் அறுவைக்கு யோசிப்போம். ஆறடி ஆணுக்கும் ஐந்தடிகூட இல்லாத பெண்ணுக்கும் பெரும்பாலும் அதே 40தான். சிறிய இதயம் அந்த எண்ணைத் தொடுவதற்குள் தசை தளர்ந்திருக்கும். மகாதமனி வால்வு விஷயத்தில் நிலைமை பரவாயில்லை. பெண்களுக்குச் சுண்ணாம்பு குறைவாகவும் நார்த்திசு அதிகமாகவும் படிவதால், சி.டி. ஸ்கேனில் தெரியும் சுண்ணாம்பு அளவெண்ணை வைத்து சுருக்கம் கடுமையானது என்று சொல்ல ஆணுக்கு 2000, பெண்ணுக்கு 1200 என்று தனித்தனி வரம்பு வந்துவிட்டது.

தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது மகாதமனி வால்வு பொருத்தும் 'டாவி' 2002இல் பிரான்சின் ரூவானில் தொடங்கியது. குழாய் மெலிதாக இருப்பதால் பெண்களுக்கு அதில் காயமும் ரத்தக்கசிவும் கூடுதல். ஆனாலும் பெண்களை மட்டுமே சேர்த்து ஐரோப்பாவில் நடந்த 'ரேயா' ஆய்வில், ஓராண்டுக்குள் மரணம், பக்கவாதம், மறுபடி மருத்துவமனையில் சேர்வது ஆகிய மூன்றும் சேர்த்து டாவியில் 8.9%, திறந்த அறுவையில் 15.6%. மறுபடி சேர்வது குறைந்ததுதான் இதில் முக்கியப் பங்கு. உங்கள் அம்மாவுக்கு எது பொருந்தும் என்று தயங்காமல் கேளுங்கள்.

இளம்பெண்கள் கதை வேறு. நம் ஊரில், சிறுவயதில் தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்குவது பெண்களிடமே அதிகம்; பலருக்கு அது கர்ப்பத்தில்தான் வெளியே தெரிகிறது. உலோக வால்வு வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். மாதவிடாயில் ரத்தப்போக்கு கூடியதும், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் வால்வில் ரத்தம் கட்டி, அது அசையாமல் நின்றபின் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். ரத்தப்போக்கைக் குறைக்க மகப்பேறு மருத்துவரிடம் வழி இருக்கிறது, நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிட்டால், நாள் தள்ளிப்போவதற்கு முன்பே வந்து பேசுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையான வார்ஃபரின் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருவைப் பாதிக்கலாம் என்பதால், எந்த மருந்து எப்போது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.